பின்கண்ணாடி

அம்மா கத்தியை வாயில் கவ்வியபடி காரின் நான்காவது கதவின் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள். ஒட்டியிருந்த வெயில் தடுக்கும் ஃபிலிமின் மேல் ஓரம் கண்ணாடி விளிம்பைத் தாண்டி நின்றது. கத்தியை விளிம்பில் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. வெட்டுத்துண்டு சுருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

“தண்ணி,” என்றாள்.

பின் இருக்கையிலிருந்த மகள் சோப்புத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா வாங்கித் தெளித்தாள். ரப்பர் தகட்டை நடுவில் வைத்து ஓரத்துக்குத் தள்ளினாள். மறுபடி நடு, மறுபடி ஓரம். தண்ணீர் வழிந்து கதவின் இடுக்கில் இறங்கியது. கண்ணாடி லேசான புகை நிறத்தில், ஒரு குமிழ்கூட இல்லாமல் நின்றது.

“நாலு,” என்றாள்.

கணவர் தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுருளோடு வந்த குறிப்புத்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“முதல் தடவை செய்றவங்க சின்னக் கண்ணாடியில பழகிட்டுத்தான் செய்யணும்னு போட்டிருக்கு.”

“பழகியாச்சு. நாலு.”

“நான் இன்னும் முதல் பக்கத்தையே தாண்டலையே.”

“நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாப்பா ரிட்டயர் ஆயிடுவா.”

மகள் சிரித்தாள். அந்தப் பாப்பாவுக்கு வயது இருபத்தாறு. வேலை நாளைக்குத்தான் ஆரம்பம்.

ஆறு குடும்பங்கள் இருக்கும் கட்டடம் அது. கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு நடுவே வண்டிகள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. வெயில் முதல் தூண்வரை வந்து நின்றிருந்தது. மகள் அதைத் தாண்டிப் போகமாட்டாள். மூன்று வருடங்களுக்கு முன்பு கழுத்தில் ஒரு சிவப்புத் திட்டாக ஆரம்பித்தது. பிறகு வெயில் பட்ட இடமெல்லாம். பிறகு வெயில் பட்ட மறுநாள் காய்ச்சல், முட்டி வீக்கம், நான்கு நாள் படுக்கை. மருத்துவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. “வெயில் ஆகாது” என்று மட்டும் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். இரண்டு வருடம் திரை போட்ட அறையில் இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் இப்போது வேலை கிடைத்திருந்தது. அதற்குத்தான் அவள் படித்திருந்தாள். ஜன்னலே இல்லாத அறை. “வெயில் ஆகாதாம், எக்ஸ்ரே ஆகுமாம்,” என்று அப்பா ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். ஏற்கனவே ஒருமுறை உடம்பு சரியில்லை என்று சேரும் தேதியைத் தள்ளி வாங்கியாயிற்று. திங்கள் காலை எட்டரைக்கு வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அறைக்குள் வெயில் இல்லை. அறைக்குப் போகும் நாற்பது நிமிடத்தில்தான் இருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கியது அதற்காக. கண்ணாடி வழியாக வருவதும் வெயில்தான் என்று மருத்துவர் சொன்னபிறகு, எந்த அளவு ஃபிலிம் ஒட்டலாம் என்று அவரிடமே கடிதம் வாங்கினார்கள். முன்கண்ணாடியைத் தொட வேண்டாம், அது இரட்டைக் கண்ணாடி, அதுவே தடுக்கும் என்றார். மீதி ஐந்து.

அந்த ஐந்தில் முக்கியமானது எது என்று கண்டுபிடித்தது அம்மாதான். வீடு கிழக்கே. ஆஸ்பத்திரி மேற்கே. சாலை நேர்சாலை. காலையில் போகும்போது வெயில் முதுகில். மாலையில் திரும்பும்போதும் முதுகில். “நாள் பூரா உன் பின்னாலயே வருது,” என்றாள். “பின்கண்ணாடிதான் சட்டை. மத்ததெல்லாம் பாக்கெட்டு.”

ஃபிலிம் ஒட்டும் கடையில் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

“மூணு வாரம் கழிச்சு எனக்கு எதுக்கு? சுருளைக் குடுங்க, நானே ஒட்டிக்கறேன்,” என்றாள்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “கதவு நாலும் ஒட்டிடலாம்மா. பின்னாடி உங்களால முடியாது. வளைவு.”

“தோள் மாதிரியா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. குடுங்க.”

“அதுக்குக் கை பழகணும்மா.”

“கைதானே?” என்று சுருளை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

கோட்டு தைக்கும் ஆலையில் அவளுக்குப் பெயரே கை அக்கா. வரிசையில் ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி உள்துணி. இவள் கை. இருபத்தொன்பது வருடமாகக் கோட்டுகளுக்குக் கை மாட்டுகிறாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது கோட்டு, இருநூற்று நாற்பது கை. இடது கை, வலது கை மாற்றி மாட்டியது அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அது அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள். அந்தக் கோட்டை இன்னும் வரிசையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கல்யாணம் செய்தது ஒரு பேருந்து ஓட்டுநரை. சீருடைக் கோட்டு தோளில் இழுக்கிறது என்று ஆலைக்கு வந்தவர். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, “உங்களுக்கு ஒரு தோள் ஒரு விரல் தாழ்வு,” என்றாள். அதுவரை யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. அவரது ஜன்னல் பக்கத்துக் கை மற்றதைவிட இரண்டு பங்கு கறுப்பு. மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். ஏன் என்று அவருக்கே தெரியாது. காலை ஐந்து மணிக்கு அவருக்கு முதல் நடை. அவரால் மகளைக் கொண்டுபோய் விட முடியாது.

எந்த வேலையையும் தொடங்கும் முன் “ஆச்சு” என்பது அவள் பழக்கம். முடித்த பிறகு எதுவும் சொல்லமாட்டாள்.

“ஆச்சு,” என்று பின்கண்ணாடிப் பக்கம் வந்தாள்.

சுருளில் இரண்டு பின்கண்ணாடிக்குக் காணும் நீளம் இருந்தது. ஒன்றை வெட்டி, கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்து விரித்தாள். வெளியே அளவு பார்த்து வெட்ட வேண்டும். பிறகு பின்தாளை உரித்து உள்ளே ஒட்ட வேண்டும். நடுவில் நன்றாகப் படிந்தது. மேலும் கீழும் படியவில்லை. ஃபிலிம் தட்டை, கண்ணாடி வளைவு. மேலே நான்கு, கீழே மூன்று இடத்தில் விரல் கனத்துக்கு மடிப்பு எழுந்து நின்றது. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் எழுந்தது.

மாடியில் குடியிருக்கும் பைப்காரர் இரண்டு தூண் தள்ளித் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியும் கையுமாக வந்து நின்றார்.

“என்னக்கா, காருக்குச் சட்டை தைக்கிறீங்களா?”

“ஆமா. உங்க வண்டிக்கு வேணும்னா ஒரு பாவாடை தைச்சுத் தரேன்.”

“அது ஆம்பள வண்டி அக்கா.”

“அப்ப துண்டு போதும்.”

அவர் மடிப்புகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவள் பார்க்கவில்லை. தையல் சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு மடிப்பின் மேலும் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு வளைவு, துணி தட்டை. மிச்சத் துணியை முக்கோணமாகப் பிடித்து மடக்கித் தைத்தால் வளைவு வந்துவிடும். அதற்கு டாட் என்று பெயர். ஊரில் ரவிக்கை தைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஃபிலிமைத் தைக்க முடியாது. ஆனால் முக்கோணத்தை வெட்டி எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்க்கலாம். ஏழு டாட். ஏழும் வெட்டினாள். ஓரங்கள் மயிரிழை தெரியாமல் சேர்ந்தன.

“பாத்தீங்களா?” என்றாள் கணவரிடம்.

“அற்புதம்,” என்றார் அவர். தாளில் கண் வைத்தபடியே சொன்னார்.

பின் இருக்கையில் முழங்கால் போட்டு, தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு, பின்தாளை உரித்து உள்ளே ஒட்டினாள். மகள் தண்ணீர் தெளித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கும்போது கால் மரத்துப்போய்க் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள், அந்தத் தாழ்ந்த தோளை.

“வெளியில தள்ளுங்க. சோதிக்கணும்.”

சோதனை மகள் கண்டுபிடித்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி வெயிலில் தானே கறுக்கும் வகை. எந்த வெயில் அவளுக்கு ஆகாதோ அந்த வெயிலில்தான் கறுக்கும். காருக்குள் வைத்தால் கறுக்கக் கூடாது.

கணவரும் பைப்காரரும் காரைத் தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். மகள் தூணுக்கு உள்பக்கம் நிழலில் நின்றாள். அம்மா கணவரின் கண்ணாடியைக் கழற்றிப் பின் இருக்கைக்கு மேலேயிருந்த பலகையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். நூறு எண்ணினாள். எடுத்து வந்து மகளிடம் காட்டினாள்.

இரண்டு கண்ணாடியும் வெளுப்பாக இருந்தன. இடது கண்ணாடியின் குறுக்கே மட்டும் ஒரு கறுப்புக் கோடு, பேனாவால் இழுத்ததுபோல.

அம்மா திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஏழு டாட்டும் வாய் திறந்திருந்தன. வெளியே சேர்ந்த ஓரங்கள் உள்ளே தண்ணீர் வற்றியதும் விலகிவிட்டன. இருக்கையின் மேல் ஏழு வெயில் கோடுகள் விழுந்திருந்தன. நடுக்கோடு ஓட்டுநர் இருக்கையை நோக்கிப் போனது.

“கோடுதானேம்மா,” என்றாள் மகள். “நான் கழுத்துக்குத் துணி சுத்திக்கறேன்.”

“போன தடவை துணி சுத்திட்டுத்தான் போனே.”

போன தடவை என்பது பேருந்தில் பத்து நிமிடம். நான்கு நாள் படுக்கை.

கணவர் தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் தாளை மூக்குக்கு அருகில் பிடித்திருந்தார். “வளைந்த பின்கண்ணாடிக்குத் தேர்ந்த ஆளை அணுகவும்,” என்று படித்தார்.

“இதை முதல்ல படிச்சிருக்கக் கூடாதா?”

“வரிசையாத்தானே படிக்கணும்?”

அவள் மகளின் முடி உலர்த்தியை எடுத்துவரச் சொன்னாள். ஓரங்களை உலர்த்தி அழுத்தினால் சேரலாம் என்று நினைத்தாள். தூண்களுக்கு நடுவே காரைத் திரும்பத் தள்ளி, நீள வயர் போட்டு, ஒரு டாட்டின் மேல் சூடான காற்றை வைத்தாள். இடைவெளி பெரிதாயிற்று. இன்னும் கிட்டே வைத்தாள். இன்னும் பெரிதாயிற்று. கையை நிறுத்தினாள்.

“விரியுது,” என்றாள் மகள்.

“விரியல. ரெண்டு பக்கமும் சுருங்குது.”

கார்க் கதவைத் திறந்து இறங்கி, தரையில் கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்தாள். அதன்மேல் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டாள், நாலு பக்கமும் ஐந்து விரல்கடை. சூடு காட்டினாள். இஞ்சு டேப்பை வைத்தாள். நீளவாக்கில் சதுரம் குறைந்திருந்தது. குறுக்குவாக்கில் அப்படியே இருந்தது.

“துணி மாதிரி இதுக்கும் இழை இருக்கு,” என்றாள்.

துண்டை விரல்களுக்கு நடுவே வளைத்துப் பார்த்தாள். கோட்டின் கையில் டாட் கிடையாது. கையின் தலைப்பகுதி எப்போதும் தோளின் குழியைவிடப் பெரிது, மூன்று விரல்கடை பெரிது. அந்த மூன்று விரலை யாரும் வெட்டுவதில்லை. சின்னச் சின்ன அலையாகப் பரப்பி, நீராவி காட்டி, அலை இருந்த இடமே தெரியாமல் ஒடுக்க வேண்டும். அப்போதுதான் தோள் உருண்டு நிற்கும். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது தடவை செய்வது. துணி ஒடுங்கும், பிளாஸ்டிக் ஒடுங்காது என்று நினைத்துக் கத்தியை எடுத்திருக்கிறாள்.

“இருபத்தொன்பது வருஷமா கை மாட்டிட்டு, காருக்கு ரவிக்கை தைச்சிருக்கேன்,” என்றாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் கணவர்.

“பேசாதீங்க.”

ஒட்டியதை உரித்தாள். ஈரம் போக்கக் கண்ணாடியில் பதித்திருந்த சூட்டுக் கம்பிகள் பிய்ந்துவிடாமல், ஒரு கையால் தண்ணீர் தெளித்து மறுகையால் மெல்ல. சுருளில் மிச்சமிருந்ததை அளந்தாள். நாலடி ஆறு அங்குலம். கண்ணாடி நாலடி மூன்று. இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம்தான் தாராளம். நீளவாக்கு, கண்ணாடியின் நீளத்தோடு ஓடியது. அது ஒன்று சரியாக அமைந்தது. இது போனால் சுருள் இல்லை. கடைக்கு இன்று விடுமுறை.

முடி உலர்த்தியின் சூடு பெரிய கண்ணாடிக்குப் போதாது. பைப்காரர் இன்னும் போகவில்லை.

“நீங்க பைப்பை வளைக்க ஒண்ணு வச்சிருப்பீங்களே, சூடா ஊதுமே?”

“ஹீட் கன்னா? இருக்கு. அதை வச்சு என்னக்கா பண்ணப்போறீங்க?”

“வளைவுக்கு வளைவு.”

அவர் மாடிக்குப் போய்க் கொண்டுவந்தார். கொடுக்க மனமில்லாமல் பிடியை விடாமல் நின்றார். “ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. பைப்புன்னா ஓட்டை விழும். கண்ணாடி வெடிச்சிடும்.”

“எனக்கு நீராவி தெரியும் தம்பி.”

“இது நீராவி இல்லக்கா.”

“தண்ணி இல்லாத நீராவி. குடுங்க.”

அவர் கொடுத்தார். இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

இந்தத் தடவை அவள் “ஆச்சு” சொல்லவில்லை. மகள் கவனித்தாள்.

விரித்தாள். அதே ஏழு மடிப்பு எழுந்தது. தாளோடு சேர்ந்த பக்கம் வெளியே பார்க்க, நடுவில் தண்ணீரால் குறுக்கே ஒரு பட்டை படியவைத்தாள். பிறகு பெரிய மடிப்பு ஒன்றை உள்ளங்கையால் இரண்டாகப் பிரித்தாள். இரண்டை நாலாக. நாலும் சின்ன அலைகளாக ஓரத்தை நோக்கி நின்றன. ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நிறுத்தாமல், மேலும் கீழும் ஆட்டினாள். அலையின் முதுகு நடுங்கியது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. பருத்தித் துணி சுற்றிய மறுகையால் உடனே தடவினாள். தடவிய இடம் கண்ணாடியோடு கண்ணாடியாயிற்று.

“போச்சு!” என்றார் கணவர்.

“என்ன போச்சு?”

“மடிப்பு போச்சு. நல்ல விதமாத்தான் சொன்னேன்.”

“சொல்றப்ப பாத்துச் சொல்லுங்க. என் கையில நெருப்பு இருக்கு.”

மேலே நான்கு முடிய அரை மணி. கீழே இரண்டு மடிப்பும் போயின. கடைசி மடிப்பு மூலையில் இருந்தது, ஒன்றரை அங்குலம் மட்டும் தாராளமான மூலையில். அது மற்றதைவிடப் பெரிது. கிட்டே சூடு வைத்தபோது நுனி சுருண்டு உள்ளே வந்தது. ஓரம் ஒரு அங்குலமாயிற்று. இன்னொரு தடவை அப்படி வந்தால் கண்ணாடிக்கு ஃபிலிம் பற்றாது. பைப்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

அவள் ஹீட் கன்னை அணைத்துவிட்டு மூலையைப் பார்த்தாள். தலைக்கு மேலே ஒரு கோட்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதுபோலக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பெரிய அலையை மூலையை விட்டு நகர்த்தினாள், உள்பக்கமாக, விரல் நுனியால், கொஞ்சம் கொஞ்சமாக, தாராளம் இருக்கும் கீழ் ஓரத்துக்கு. அங்கே அதை ஆறாகப் பிரித்தாள். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அகலம். அவற்றுக்குச் சூடு காட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதன்பிறகு ஓரம் வெட்டினாள். மூலையில் அரை விரல் மிச்சம் நின்றது. போதும்.

உள்ளே ஒட்ட மூன்று பேரும் ஏற வேண்டியிருந்தது. அவள் பின் இருக்கையில் மண்டியிட்டாள். மகள் முன்னிருக்கைகளுக்கு நடுவே திரும்பி நின்று தண்ணீர் தெளித்தாள். கணவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, தொங்கும் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“காலையில ஏழு மணி பஸ்ல கூட இவ்வளவு நெருக்கடி இல்ல,” என்றார்.

“உள்ள போங்க, உள்ள போங்கன்னு நீங்கதானே கத்துவீங்க. இப்ப நீங்க போங்க.”

“அம்மா, சிரிக்க வைக்காத, தண்ணி உன் மேல அடிக்குது.”

“அடி. அங்கயும் ஒட்டிக்கட்டும்.”

மூன்று மணிக்கு முடிந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. காரைத் தள்ளினார்கள். வெயில் இப்போது சாய்ந்து பின்கண்ணாடியில் நேராக விழுந்தது. கணவர் தன் கண்ணாடியைக் கழற்றித் தானே பலகையில் வைத்தார். கதவைச் சாத்தினார். இந்தத் தடவை நூறு எண்ணியது மகள், தூணுக்கு உள்பக்கம் நின்று, சத்தமாக. எண்பதில் வேகமாக எண்ணத் தொடங்கினாள்.

“மெதுவா,” என்றாள் அம்மா.

நூறு. அவள் எடுத்துவந்து, வெயில் படாமல் முந்தானையில் மூடி, தூண் நிழலுக்கு வந்து திறந்தாள். மகள் குனிந்து பார்த்தாள். பைப்காரர் அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

கணவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மூன்றும் மங்கலாகத்தான் தெரிந்தன. “என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன். என் கண்ணாடி உங்ககிட்ட இருக்கு.”

“கறுக்கலப்பா,” என்றாள் மகள். “வெள்ளையா இருக்கு.”

“கோடு?”

“ஒண்ணுகூட இல்ல.”

அவர் கையை நீட்டினார், கறுத்த கையை. அம்மா அதில் கண்ணாடியை வைத்தாள். அவர் மாட்டிக்கொண்டு முதலில் மனைவியைப் பார்த்தார். அவள் தலைமுடி முழுக்கச் சோப்பு நுரை.

“அக்கா,” என்றார் பைப்காரர், “கடை போடலாம் போல.”

“ஹீட் கன்னைத் துடைச்சுக் குடுக்கறேன், இருங்க.”

மறுநாள் திங்கள். கணவர் நாலரைக்குக் கிளம்பினார். மகள் ஏழு நாற்பதுக்கு வண்டியை எடுத்தாள். முழுக்கைச் சட்டை, கழுத்தில் துணி இல்லை. எட்டு இருபத்திரண்டுக்குச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். கை அக்கா ஆலைக்குப் போனாள். ஒரு இயந்திரம் பழுது. நூற்றுப் பதினாலு கோட்டுக்குத்தான் கை மாட்ட முடிந்தது. மாலை ஐந்து ஐம்பதுக்கு மகள் திரும்பினாள். அவளைச் சமையலறை விளக்குக்குக் கீழே நிறுத்தி, முடியைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார்கள். சிவப்பு இல்லை. இரவு சாப்பிட்டார்கள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்ததில் எப்போதும் இருக்கும் அளவுதான். செவ்வாய்க்கு உடுத்த வேண்டிய சட்டையை மகள் இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டாள்.